மண்டைக்குள் ஒரு கடுகு

ஏப்ரல் 4

வாலு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நாம் மோதிக்கொள்கிறோம், பேசாமல் எழுதித் தொலையுங்கள் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். அதுவும் நல்லதுதான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் படம் நம் ஸ்டுடியோ ஷோகேஸில் ஏறிவிட்டது. சின்னப் படமில்லை, ஆளுயரம். போன தடவை வந்தபோது வேண்டாம் வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயே, அப்போது எடுத்ததுதான். கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் எடுத்துவிட்டேன். பத்து வயது குறைந்துவிட்டாய். கீழே, 'குழந்தைகளுக்கு மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன்: கண்டுபிடித்தவர் இந்தக் கடைப் பெண்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். உனக்கு இடம் கொடுக்க இரண்டு கல்யாண ஜோடிகளையும் ஒரு மொட்டைப் பாப்பாவையும் இறக்க வேண்டியிருந்தது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் வந்து நின்று, "கண்டுபிடிச்சாச்சா, இல்ல இனிமேதானா?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் பெரிய ஆளுங்க முன்னாடி காட்டப் போறா. அப்புறம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிடும்" என்றேன்.

"அப்ப அடுத்த மாசமே மாட்டியிருக்கலாமே?" என்கிறார். வயிற்றெரிச்சல், வேறென்ன.

அம்மா தினமும் கடை வாசலுக்கு வந்து, சாலையைப் பார்ப்பது போல உன்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள். கேட்டால் காய்கறி வண்டியைத் தேடினாளாம். தேதியை எழுது. தெருவுக்கே சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்

ஏப்ரல் 15

அண்ணா,

முதல் வேலையாக அந்தப் படத்தை இறக்கு. தையல்காரர் கேட்டதில் என்ன தப்பு? இன்னும் முடியாத வேலைக்கு நீ பந்தல் போடுகிறாய். இங்கே என்னோடு ஒரு குழுவே உழைக்கிறது. நான் மட்டும் கண்டுபிடித்ததாக எழுதினால் நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அப்புறம், தழும்பை எடுக்கச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்? அது எனக்கு அம்மை போட்டபோது வந்தது. என் கன்னம், என் தழும்பு.

நான் என்ன செய்கிறேன் என்று அம்மாவுக்குச் சரியாகச் சொல், நீ சொல்வதைக் கேட்டால் நான் ஊசி விற்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். எம்.ஆர்.ஐ. எடுக்க அரைமணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும். சின்னக் குழந்தை எப்படிப் படுக்கும்? அதனால் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மயங்கிக் கிடந்த பிள்ளையின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி நின்றிருந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. எங்கள் முறையில் இயந்திரம் கொஞ்சமாக அளந்தால் போதும், மீதியைக் கணினி கணக்குப் போட்டு நிரப்பிவிடும். ஐந்தே நிமிடம். பிள்ளை ஒரு கதை கேட்டு முடிப்பதற்குள் எழுந்து போய்விடலாம்.

இப்போது உன்னிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டும். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் சோதனைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆளாளுக்குத் தம்பி, மாமா, அறைத்தோழி என்று பிடித்துக்கொண்டு வந்து இயந்திரத்துக்குள் படுக்க வைப்போம். நான் உன்னைப் பிடித்தேன். மற்றவர்கள் எல்லாம் தும்மினார்கள், மூக்கைச் சொறிந்தார்கள். ஊரையே 'ஆடாதீங்க' என்று அதட்டுகிற நீ கல் மாதிரி கிடந்தாய். அன்றைக்குத்தான் உன் மண்டைக்குள் இருந்த அந்தத் துளி நீர்க்கட்டி தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே இருப்பது, ஒன்றும் செய்யாது என்றார். நீ அதற்குக் கடுகு என்று பெயர் வைத்து, வீட்டில் எதை மறந்தாலும் கடுகின் மேல் பழி போட்டாய்.

அந்த முழு அளவீடும் இங்கே பத்திரமாக இருக்கிறது. அதில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மீதியிலிருந்து முழுப் படத்தை உருவாக்கிக் காட்டப் போகிறோம். எல்லார் முன்னாலும் திரையில் வரும் முதல் தலை உன்னுடையதாக இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. யாருடையது என்று சொல்ல மாட்டோம். சம்மதமா?

ஷோகேஸில் எதையாவது வைத்தே தீர வேண்டும் என்றால் என் மூஞ்சியை விட்டுவிட்டு நான் எடுத்த ஸ்கேன் படத்தை வை.

தங்கை

ஏப்ரல் 24

வாலு,

தலைதானே, எடுத்துக்கொள். இங்கே அதற்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள்.

ஆனால் நீ எடுத்த படம் ஷோகேஸில் ஏறாது. அந்தப் பேச்சே வேண்டாம். இந்தக் கடையில் எடுத்த படம்தான் அங்கே நிற்கும், மூலையில் கடை முத்திரையோடு. அப்பா வைத்த வழக்கம். யாரோ ஒரு பெரிய மனிதர் வேறு இடத்தில் எடுத்த தன் படத்தை மாட்டச் சொல்லி ஆள் அனுப்பியபோது, "இங்க வந்து உக்காரச் சொல்லுங்க, நானே எடுத்து மாட்டறேன்" என்று திருப்பி அனுப்பினார் அப்பா. அவருக்கே அப்படி என்றால் உனக்கு எப்படி? தழும்புதான் உன் கவலை என்றால் தழும்பைத் திருப்பி வைத்துவிடுகிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். பெரிய பெரிய ஆட்கள் வரும் சபை. அங்கே என் மண்டை புள்ளியோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? அந்தக் கடுகை மட்டும் லேசாக டச்சப் செய்துவிடேன். யாருக்குத் தெரியப் போகிறது? என்னிடம் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவேன்.

அண்ணன்

மே 2

அண்ணா,

உன் கடிதத்தைக் குழுவில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கடுகில் கை வைக்க மாட்டேன். வைத்தால் என் வேலை போய்விடும், போகவும் வேண்டும். உன் கடைக்கு வருகிறவர் தனக்குப் பிடித்த மாதிரி இருக்க வருகிறார். எங்களிடம் வருகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறதோ அது தெரிய வேண்டும்.

இருபதாம் தேதிதான் காட்டப் போகிறோம். அம்மாவை எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல். தெருவுக்குச் சொல்லாதே.

தங்கை

மே 27

வாலு,

நேற்று போனில் நான் கத்தியது தப்பு என்கிறாள் உன் அண்ணி. சரி, தப்பு. நீ பாதியில் பட்டென்று வைத்தது மட்டும் ரொம்ப நியாயமோ?

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? தையல்காரர் தன் போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'குழந்தைகளுக்கான புதிய ஸ்கேன் முறை தள்ளிவைப்பு. ஆராய்ச்சியாளரே குறை சொன்னார்.' சபை முழுக்கக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது மேடையில் நின்று, "இந்தப் படம் தப்பு" என்றாயாமே! தன் கடைச் சரக்கைத் தானே மட்டம் என்று யாராவது சொல்வார்களா? அப்படியே தப்பு இருந்தாலும், கூட்டம் கலைந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன? எத்தனை வருஷ உழைப்பு! கல்யாணம் காட்சி என்று எதற்கும் வராமல் அங்கேயே கிடந்தாய். கைக்கு வந்ததை நீயே தட்டிவிட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

தெருவில் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். வழக்கமாக முன்வாசல் வழியாகக் கடைக்குப் போகிற நான் இரண்டு நாளாகப் பின்வாசல் வழியாகப் போகிறேன். ஷோகேஸில் நீ ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். இறக்கவா, வேண்டாமா? நீயே சொல்.

அண்ணன்

ஜூன் 9

அண்ணா,

கடுகு இல்லை.

அதுதான் நடந்தது. திரையில் உன் தலை வந்தது. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி அவ்வளவு சுத்தம். கைதட்டல் எழுந்தது. எங்கள் இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் சிரித்துக்கொண்டே தலையசைத்தேன். பழக்கதோஷம், என் கண் நேராகக் கடுகு இருக்கும் இடத்துக்குப் போனது. வழவழவென்று இருந்தது.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. நீ கேட்டாய் என்று குழுவில் யாராவது விளையாட்டாக எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். எங்கள் குழுவில் கணினிக்குக் கணக்கு எழுதும் பெண் பக்கத்தில் நின்றாள். "யாராவது இதைத் தொட்டீங்களா?" என்று அவள் காதருகே கேட்டேன். "சத்தியமா இல்ல மேடம்" என்றாள். அவள் முகமும் வெளுத்துவிட்டது, அவளுக்கும் கடுகைத் தெரியும்.

யாரும் தொடவில்லை, அண்ணா. எங்கள் கணக்கே எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான தலைகளைக் காட்டி அதைப் பழக்கியிருந்தோம். அந்த இடத்தில் மற்றவர்களுக்கு என்ன இருக்குமோ அதை உனக்கும் வரைந்துவிட்டது. நீ என் தழும்பை எடுத்த மாதிரி, கேட்காமல், அழகாக.

ஏன் மேடையிலேயே சொன்னேன் என்று கேட்கிறாய். இயந்திரம் செய்யும் கம்பெனிக்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அங்கேயே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியது. கூட்டம் கலையட்டும் என்று நான் காத்திருந்தால் அது கையெழுத்தாகிவிடும். உன் கடுகால் ஆபத்து இல்லை. ஆனால் இன்னொரு குழந்தையின் தலையில் அதே அளவில் வேறு எதுவோ இருக்கலாம். அதையும் துடைத்துவிடும். அந்தக் குழந்தையின் அப்பா அம்மா ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். இதை நினைத்தபோது வாய் தானாகத் திறந்துவிட்டது.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். "ஒண்ணும் செய்யாத கட்டிதானேம்மா? ஒரு அடிக்குறிப்பு போட்டுட்டா முடிஞ்சது" என்றார்.

"அடிக்குறிப்பை யார் சார் படிக்கப் போறாங்க? படத்தைத்தான் பாப்பாங்க."

"வருஷக் கடைசி வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா குழு வேற ஒருத்தர் கைக்குப் போயிடும். அவங்க அடிக்குறிப்போட வெளியிட்டுடுவாங்க. அதுக்கு மேல என்னால கம்பெனியைப் பிடிச்சு வைக்க முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அப்படி நடந்தால் குழு மட்டும் என் கையைவிட்டுப் போகாது, துடைக்கிற கணக்கு ஆஸ்பத்திரிக்கும் போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. வெளியில் விறைப்பாக நடக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

படத்தை இறக்குவது உன் இஷ்டம்.

தங்கை

ஜூன் 16

என் தங்கமே,

இறக்கவில்லை. இறக்கவும் மாட்டேன். இன்றைக்கு முன்வாசல் வழியாகத்தான் கடைக்குப் போனேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

உன் கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் கைதட்டும்போது இல்லைன்னு சொல்றதுக்கு நெஞ்சழுத்தம் வேணும். அது உங்கப்பாகிட்டேருந்து வரல, என்கிட்டேருந்து வந்தது" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்த் தாளிக்கிற டப்பாவைத் திறந்து, ஒரு கடுகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இத்தனூண்டா?" என்று என்னைக் கேட்டாள். "ஆமாம்மா, இத்தனூண்டுதான்" என்றேன். "இதையா பாத்தா அவ்வளவு தூரத்துலேருந்து?" அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைக்கவில்லை.

தையல்காரரிடமும் சொன்னேன். "தன் வேலையில இருக்கிற ஓட்டையைத் தானே பாத்துச் சொன்னவ எங்க வீட்டுப் பொண்ணு. போடுங்க செய்தி" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "நானும் தப்பாத் தெச்சாப் பிரிச்சுத்தான் தெப்பேன். ஆனா ஆளில்லாத நேரமாப் பாத்துப் பிரிப்பேன்" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். நீ பயந்துகொண்டே செய்கிறவள், சின்ன வயதிலிருந்தே. அந்தப் பழைய அளவீடு போதுமா, இல்லை புதுசாகத் தலை வேண்டுமா? வேண்டுமென்றால் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். டச்சப் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். நன்றாகப் பெரிதாகக் காட்டு, எனக்கென்ன வெட்கம்?

அண்ணன்

ஆகஸ்ட் 11

அண்ணா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? அம்மா கொடுத்தனுப்பிய பையில் துணிக்கு நடுவே ஒரு பொட்டலம் கடுகு இருந்தது. அதை மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

கல் மாதிரி கிடப்பாய் என்று குழுவிடம் உன்னைப் பற்றி அவ்வளவு அளந்திருந்தேன். நீ என்ன செய்தாய்? நான் மைக்கில், "ஆடாதீங்க, அப்படியே இருங்க" என்று உன் குரலில் சொன்னதும் உள்ளே இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்து மொத்தத்தையும் கெடுத்தாய். பரவாயில்லை. கணக்கு எழுதும் பெண் அதையும் பத்திரப்படுத்திவிட்டாள். "குழந்தைங்க இப்படித்தான் மேடம் ஆடும், இதுவும் வேணும்" என்றாள்.

இப்போது கணக்கைத் தலைகீழாக மாற்றியிருக்கிறோம். இயந்திரம் அளந்தது ஒன்று சொல்லி, கணக்கு வேறு சொன்னால், அளந்ததுதான் ஜெயிக்கும். கணக்கு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நிச்சயம் தெரியாத இடத்தைத் தெரியாது என்றே காட்ட வேண்டும், அழகாக இட்டுக்கட்டக் கூடாது. இதற்காக அதிகம் அளக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடம் பத்தாகிவிட்டது. கம்பெனிக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

கடுகு இன்னும் முழுசாக வரவில்லை. மங்கலாக, வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி நிற்கிறது. அதை எப்படியாவது உள்ளே அழைத்துவிட வேண்டும்.

தங்கை

டிசம்பர் 12

அண்ணா,

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படி.

கடுகு வந்துவிட்டது. உன் பழைய அளவீட்டில், புது அளவீட்டில், நீ சிரித்துக் கெடுத்ததில்கூட. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில்.

ஆனால் நான் எழுத வந்தது அதை மட்டுமில்லை. போன வாரம் முதல் குழந்தைக்கு எடுத்தோம். ஐந்து வயதுப் பெண். மயக்க மருந்து இல்லை. உள்ளே ஒரு பூனைக் கதையைப் போட்டுவிட்டோம். கொஞ்சம் ஆடினாள், இரண்டு தடவை "பூனைக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். முடிந்ததும் தானே இறங்கி, தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு அவள் அம்மாவிடம் ஓடினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படத்தில் ஓரமாக ஒரு புள்ளி இருந்தது, உன்னுடையதைவிடச் சின்னது. அதே அளவீட்டை எங்கள் பழைய கணக்கில் போட்டுப் பார்த்தோம். சுத்தமான தலை என்றது. பிறகு, வழக்கமான நீண்ட ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர், "சரியான நேரத்துல பாத்தீங்க, முழுசா எடுத்துடலாம்" என்று அவள் அப்பாவிடம் சொன்னார்.

இயக்குநர் என் அறைக்கே வந்தார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மேடையில நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தா, இந்தப் பொண்ணு இப்ப வீட்டுக்குப் போயிருப்பா" என்றார். குழு என்னிடமே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பத்து நிமிடத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதோடு ஒரு விதி எழுதியிருக்கிறோம்: இந்த முறையோடு எந்த இயந்திரம் வெளியே போனாலும், முதலில் உன் தலையைப் போட்டுப் பார்ப்பார்கள். கடுகு தெரியாவிட்டால் அந்த இயந்திரம் கதவைத் தாண்டாது. நீ கையெழுத்திட வேண்டிய சம்மதத் தாளையும் இதோடு அனுப்புகிறேன்.

உன் தலையின் பிரிண்ட் ஒன்றும் அனுப்புகிறேன். நீ மாட்ட மாட்டாய் என்று தெரியும். பீரோவில் வை.

தங்கை

டிசம்பர் 20

வாலு,

உன் ஆளுயரப் படத்தை இறக்கிவிட்டேன். பதறாதே, முழுசாகப் படி.

அம்மா அந்தக் குழந்தை செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிய இடத்தை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "என் பொண்ணு" என்றாள். அன்று முழுக்க வீட்டில் அதிகாரமாக நடந்தாள்.

நீ அனுப்பிய பிரிண்டைக் கடையில் வைத்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினேன். கை பழக்கத்தில் டச்சப் செய்யப் போகத்தான் செய்தது. இழுத்துப் பிடித்தேன். ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. நல்ல கறுப்புச் சட்டம் போட்டு, ஷோகேஸின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே மாட்டினேன்.

ஆமாம், மாட்டினேன். அப்பா இருந்திருந்தால் முதலில் ஒரு சத்தம் போட்டிருப்பார். அப்புறம் வெளியே போய் நின்று பார்த்திருப்பார், எனக்குத் தெரியும்.

தையல்காரர்தான் முதல் ஆள். "யாரு தலைங்க இது? உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கே" என்றார். "நல்லா உத்துப் பாருங்க, ஒண்ணு இருக்கு" என்றேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினார். கண்டுபிடித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி விரலை வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து அவர் தன் கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கூட்டி வந்து, "எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்கிறார். அம்மா காய்கறி வண்டியைத் தேடுவதை விட்டுவிட்டாள். நாற்காலியே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றுதான் யோசனையாக இருந்தது. வலது மூலையில், எப்போதும் கடை முத்திரை குத்துகிற இடம். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன். பேனாவால், என் கையெழுத்தில், தெருவில் போகிறவருக்கும் தெரியும்படி எழுதினேன்:

'படம் எடுத்தது: என் தங்கை.'

அண்ணன்